நடை சாத்தும் நேரத்தில் எங்கே இருப்பீர்கள்?

(கீழப்பழுவூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளியூர்க்காரர் சுற்றிப் பார்க்க வந்தால் எந்த ஊரில், அந்த ஊரிலும் எந்தப் பகுதியில் அறை எடுக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கீழப்பழுவூரில் நின்று இதைப் பேசுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நம் நாற்சந்தியைவிட வாகான இடம் சோழநாட்டின் வடகரையில் வேறு இல்லை. வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அரியலூர். தெற்கே முப்பதைக் கொஞ்சம் தாண்டினால் தஞ்சாவூர். மேற்கே திருச்சி ஐம்பது சொச்சம். கிழக்கே ஜெயங்கொண்டம் வழியாகப் போனால் கங்கைகொண்டசோழபுரமும் ஏறக்குறைய அதே தூரம். தஞ்சாவூர்ச் சாலையும் சிதம்பரம் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஊர் இது. ஆனாலும் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்துவிட்டு, படமாகவும் பார்த்துவிட்டு, பழுவேட்டரையர் ஊரைத் தேடி வருபவர்களில் இங்கே இரவு தங்குகிறவர் யார்? தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ரூம் போட்டுவிட்டு, வாடகைக் காரில் வந்து, பழுவேட்டரையர் கோயில் உள்ள கீழையூரில் இறங்கிப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதில் நாம் வருத்தப்பட ஒன்றும் இல்லை. கல்கி கதையிலேயே பெரிய பழுவேட்டரையருக்கு மாளிகை தஞ்சைக் கோட்டைக்குள்; சின்னவர் அந்தக் கோட்டைக்கே காவல் தலைவர். பழுவூர் இளையராணி சதி செய்வதும் பெரும்பாலும் தஞ்சையில் இருந்துதான். ஊர்த் தலைவர்களே தங்காத ஊரில் சென்னைக்காரர் தங்கவில்லை என்று எப்படிக் கோபித்துக்கொள்வது?

வேடிக்கை இருக்கட்டும். வரைபடத்தில் நடுவில் இருப்பதும், தங்குவதற்கு ஏற்றதாக இருப்பதும் ஒன்றல்ல. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? கட்டில் மெத்தை, குளிர்சாதனம், காலை உணவு இலவசமா என்று இரவைப் பற்றியே எல்லோரும் விசாரிக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, நம் பக்கத்துக்கு வருகிறவர்கள் நண்பகலைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பது.

பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்துகிறார்கள். திரும்பத் திறக்க நாலு மணி ஆகும். பாடல் பெற்ற தலமானாலும் சரி, சிறு கோயிலானாலும் சரி, காவிரிக் கரையில் இதுதான் பொதுவான நடைமுறை. சிறு கோயில்களில் இன்னும் கெடுபிடி. ஒரே குருக்கள் இரண்டு மூன்று கோயில்களுக்கு முறை செய்வார். சாவி அவர் இடுப்பில் இருக்கும். அவர் சைக்கிளில் போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பங்குனி வெயிலில் இந்த நாலு மணி நேரத்தை எங்கே கழிப்பது? கோயில் வாசலில் கல்லில் கால் வைக்க முடியாது. குடும்பத்தோடு வந்தவர்கள் காரின் ஏசியைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குழந்தை அழும், பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை போட நேரமாகிவிடும், கழிப்பறைக்கு எங்கே போவது என்று பெண்கள் வாய்விட்டுக் கேட்கவும் தயங்குவார்கள். சுற்றுலா கெட்டுப்போவது இந்த நாலு மணி நேரத்தில்தான்.

ஆகவே முதல் கேள்வி: பன்னிரண்டரை மணிக்கு, பார்க்கும் இடத்திலிருந்து அறைக்கு நடந்தோ ஆட்டோவிலோ பத்து நிமிடத்தில் திரும்ப முடியுமா?

தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோம். பெரிய கோயில், பழைய பேருந்து நிலையம், ரயில் நிலையம் மூன்றும் நடக்கக்கூடிய தூரத்துக்குள் இருக்கின்றன. புதிய பேருந்து நிலையம் திருச்சிச் சாலையில், ஊருக்கு வெளியே. அந்தப் பக்கம் கட்டடங்கள் புதிதாக இருக்கும், வண்டி நிறுத்த இடம் தாராளம், வாடகையும் சில சமயம் குறைவு. ஆனால் மத்தியானம் படுத்து எழுந்திருக்க அங்கே போய்வருவதென்றால் ஆட்டோக்காரருக்கு இரண்டு சவாரி. பழைய பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அறை சிறியதாக இருந்தாலும், ஜன்னலைத் திறந்தால் ஹாரன் சத்தம் கேட்டாலும், காலையில் விமானத்தின் மேல் வெயில் படும்போது கோயிலில் இருக்கலாம். நடை சாத்தியதும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி போய்ப் புல்தரையில் உட்காரலாம். ஒரே கோயிலை இரண்டு வேளை பார்க்கிறவருக்கும் ஒரு வேளை ஓடிப்போய்ப் பார்க்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அறையின் அளவில் அந்த வித்தியாசம் கிடைக்காது.

அறைக் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. நம் ஊர் லாட்ஜுகளில் பல இன்னும் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு வைத்திருக்கின்றன. விடிகாலை நாலு மணிக்கு ரயிலை விட்டு இறங்கிச் சாவி வாங்கினால் மறுநாள் நாலு மணி வரை அறை உங்களுடையது. புது ஓட்டல்களில் நண்பகலில் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அதாவது கோயில் உங்களை வெளியே அனுப்பும் அதே நேரத்தில் ஓட்டலும் வெளியே அனுப்பும். பெட்டியோடு வெயிலில் நிற்க வேண்டியதுதான். வாடகை இருநூறு ரூபாய் கூடுதலா குறைவா என்று பேரம் பேசுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கேட்பதில்லை.

திருச்சிக்கு வாருங்கள். அங்கே தங்கக்கூடிய பகுதிகள் என்று மூன்றைச் சொல்வார்கள்: மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றிய கன்டோன்மென்ட், மலைக்கோட்டை அடிவாரத்துச் சத்திரம் பேருந்து நிலையம், ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கம். நெடுங்காலம் இதில் யோசிக்கவே இடம் இருந்ததில்லை. மதுரை, சென்னை, கோவை எந்தப் பேருந்தில் வந்தாலும் மத்திய பேருந்து நிலையத்தில் இறங்குவோம், எதிரே விடுதி, நடந்தால் ரயில் ஜங்ஷன். 2025இல் பஞ்சப்பூரில் புதிய முனையம் திறந்து வெளியூர்ப் பேருந்துகள் அங்கே போன பிறகு அந்தக் கணக்கு குலைந்துவிட்டது. சென்னையிலும் இதே கதைதான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும், தெற்கே போகிறவன் கோயம்பேட்டில் அறை எடுப்பதற்கான காரணம் போய்விட்டது. பத்து வருடத்துக்கு முன் போய்வந்த சித்தப்பா சொன்னார் என்று அதே லாட்ஜைத் தேடிப் போகாதீர்கள். சித்தப்பா மேல் தப்பில்லை. பேருந்து நிலையம் இடம் பெயர்ந்துவிட்டது.

பெயராதது ரயில். அதனால் நம் பக்கம் வருகிறவருக்கு நான் ஸ்ரீரங்கத்தைச் சொல்வேன். காரணம் கேளுங்கள். சென்னையிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாக வரும் கார்டு லைன் அரியலூரைத் தொட்டு, லால்குடியைத் தாண்டி, ஸ்ரீரங்கம் வழியாகத்தான் திருச்சிக்குள் நுழைகிறது. ஸ்ரீரங்கம் நிலையத்திலிருந்து கோயில் பக்கம்தான். பாசஞ்சரில் ஏறினால் அரியலூரில் இறங்கி, டவுன் பஸ்ஸில் பழுவூருக்கு வந்துவிடலாம். நம் கணக்கில் இன்னொரு லாபமும் உண்டு: மத்தியானம் நடை சாத்தியிருந்தாலும் ஸ்ரீரங்கத்தில் பார்ப்பதற்கு ஊரே இருக்கிறது. ஏழு சுற்றுகளில் வெளிச்சுற்றுகளுக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் நிழல் விழும் பக்கமாக நடந்தால் வாசற்கோலம், திண்ணை, காயப்போட்ட வடாம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். வயதான அப்பா அம்மாவோடு போகிறவருக்கு விடிகாலையில் நடந்தே போய்ப் பெருமாளைச் சேவிக்கலாம் என்பதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் அங்கே அறை தேடாதீர்கள். கிடைக்காது, கிடைத்தாலும் தூக்கம் கிடைக்காது.

மக்கள் குடியிருக்கும் பகுதி என்றேன். அதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உலகத்தில் சுற்றுலாவுக்கு ஏற்ற பகுதி என்று பேர் வாங்கிய இடங்கள் பலவற்றில் இன்று குடியிருப்பவர்கள் இல்லை. இத்தாலியின் வெனிஸ் நகரத்துப் பழைய தீவுப் பகுதியில் 1951இல் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்தார்கள். 2022இல் அது ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. வீடெல்லாம் விருந்தினர் அறையாகிவிட்டது. 2024 ஏப்ரலில் இருந்து, கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் வந்துபோகிறவர்களிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். பார்சிலோனா நகராட்சி, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அடுக்ககங்களின் உரிமங்களை 2028க்குள் முடித்துவிடப்போவதாக அறிவித்திருக்கிறது. காய்கறிக்கடையும் தையற்கடையும் போய் நினைவுப்பொருள் கடை மட்டும் மிஞ்சிய தெருவில் வெளியூர்க்காரருக்கு என்ன வேலை? அவர் பார்க்க வந்த ஊர் அங்கே இல்லை. புதுச்சேரியில் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரத்தில் அறை வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், வாடகையும் அதற்கேற்ப ஏறி நிற்கிறது. கால்வாயைத் தாண்டி மேற்கே வந்தால் வைசியாள் வீதி போன்ற தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடுகள். அங்கே சாயங்காலம் பால் வாங்கப் போகிற ஆட்களையும் பார்க்கலாம். நான் அந்தப் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கடல் தெரியும் ஜன்னல்தான் வேண்டும் என்பவரோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

நம் முன்னோருக்கு இந்தத் தங்குமிடக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ராணி மங்கம்மாள் சாலை போட்டார், மரம் வைத்தார், சத்திரம் கட்டினார் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான். தஞ்சை மராட்டியர்கள் சேதுவுக்குப் போகும் பாதை நெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. ஊருக்குப் பெருமை சேர்க்க அவற்றைக் கட்டவில்லை. காலையில் புறப்பட்டு நடப்பவன் வெயில் ஏறும்போது எங்கே இருப்பான், பொழுது சாயும்போது எங்கே இருப்பான் என்று பார்த்து, குளத்தோடும் சோற்றோடும் கட்டினார்கள். அதாவது ராத்திரிச் சத்திரம் வேறு, பகல் சத்திரம் வேறு என்ற எண்ணம் நடந்துபோன காலத்தில் இயல்பாக இருந்தது. கார் வந்த பிறகு பகல் சத்திரத்தை மறந்துவிட்டோம்.

இப்போது பழுவூருக்கு வருகிறேன். இங்கே பெரிய ஓட்டல் கட்டினால்தான் சுற்றுலா வளரும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் நாற்சந்தி இரவில் தங்கும் இடம் அல்ல. ஒன்பது மணிக்கு மேல் இங்கே நடந்து பார்க்க என்ன இருக்கிறது? சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் போகும் சாலை இது. வெளியூர்ப் பெண் ஒருத்தி இரவுச் சாப்பாட்டுக்குத் தனியாக நடந்து போய்த் திரும்ப வேண்டுமானால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள கடைத்தெரு வேண்டும். தஞ்சாவூரில் அது இருக்கிறது, ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. அரியலூரில் லாட்ஜுகள் உண்டு. அவை ஆலை வேலையாகவும் கலெக்டர் ஆபீஸ் வேலையாகவும் வருகிறவர்களை நம்பி நடப்பவை. வெளிநாட்டவர் தங்கினால் ஒரு நாளுக்குள் அரசுக்கு விவரம் பதிய வேண்டும் என்ற விதி இருப்பதால் சிற்றூர் விடுதிகள் சில அவர்களுக்கு அறை கொடுக்கவே தயங்குகின்றன. இரவைப் பெரிய ஊர்களுக்கு விட்டுவிடலாம். பகல் நம்முடையது.

எப்படி என்று சொல்கிறேன். தஞ்சாவூரில் தங்கியவர் விடியலில் கும்பகோணம் வழியாகப் புறப்படுகிறார். அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டுகிறார். கங்கைகொண்டசோழபுரம் கிழக்கு பார்த்த கோயில். காலை வெயில் அதன் முகத்தில் விழும். ராசேந்திரன் எடுத்த அந்தக் கோயில் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதனால் எல்லோருக்கும் தெரியும். பார்த்து முடித்துக் கிளம்பும்போது நடை சாத்தும் நேரம் நெருங்கிவிடும். இனி சிதம்பரம் சாலையில் மேற்கே வரவேண்டியதுதான். கோயில்கள் மூடியிருக்கும் அந்த நேரத்துக்கென்றே நம் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது: வாரணவாசியில் புதைபடிம அருங்காட்சியகம். கோயில்போல உச்சிக்காலப் பூசையோடு கதவடைக்கும் கணக்கு அங்கே இல்லை. விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மண் ஒரு காலத்தில் கடலடி. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துக் கடல் விட்டுப்போன அம்மோனைட் சுருள்களும் சிப்பிகளும் நம் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கின்றன. லாரியில் போகும் அதே சுண்ணாம்புக்கல்லின் பழைய கதை அது. ராசேந்திரன் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஆயிரம் ஆண்டு என்பது எவ்வளவு சின்னக் கணக்கு என்று அங்கே புரியும்.

நாலு மணிக்குக் கீழையூர். இங்கே ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. பழுவேட்டரையர் குமரன் கண்டன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம், ஒரே வளாகத்தில் அகத்தீசுவரமும் சோழீசுவரமும் சேர்ந்த இரட்டைக் கோயில், மேற்கு பார்த்தது. மாலை வெயில்தான் அதற்கு ஏற்றது. காலையில் அவசரமாக வந்து நிழலில் படம் எடுத்துப் போகிறவர்கள் சிங்கத் தூண்களைச் சரியாகப் பார்க்காமலே போகிறார்கள். அங்கிருந்து திரும்பிக் கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலுக்கு வந்தால் சாயரட்சை நேரம். சம்பந்தர் பாடிய தலம். தன் பதிகத்திலேயே இங்கே மலையாளர் வழிபட்டதைச் சொல்கிறார். முதலாம் பராந்தகன் கேரள அரசரான ஒரு பழுவேட்டரையரின் மகளை மணந்தான் என்று அன்பில் செப்பேடு சொல்வதோடு சேர்த்துப் பார்த்தால், இந்தச் சின்ன ஊர் மலைக்கு அந்தப் பக்கத்தோடு வைத்திருந்த உறவு தெரியும். இதைச் சொல்ல ஒரு பலகை வாசலில் இருந்தால் நல்லது.

பிறகு திருமானூர் வழியாகக் கொள்ளிடம், காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று பாலம் பாலமாகத் தாண்டித் தஞ்சாவூர் அறைக்குத் திரும்பலாம். இது காரில் வருகிறவர் சுற்று. பேருந்தில் வருகிறவர் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து அரியலூரிலிருந்து வந்துபோக இன்று செலவு பெரிதல்ல. கார்த்திகை முதல் மாசி வரை வருகிறவர்கள் சுற்றில் கரைவெட்டியைச் சேர்க்கலாம். 454 ஹெக்டேர் ஏரி, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்காலில் வந்து நிறைந்திருக்கும் நாட்களில், இமயத்தைத் தாண்டிவரும் வரித்தலை வாத்துகள் அங்கே தங்குகின்றன. பகலில் நீரில் இளைப்பாறிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் சுற்றுவட்டார வயல்களுக்கு இரை தேடப் போகின்றன. ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் இருந்த அடைக்கல மாதா கோயிலும், பங்குனியில் நந்தி திருமணம் நடக்கும் திருமழபாடியும் இதே வட்டாரம்தான். ஒவ்வொன்றையும் விவரித்தால் எனக்கு ஒதுக்கிய நேரம் போதாது.

இதற்கு நாம் செய்ய வேண்டியது மிகவும் கொஞ்சம். நாற்சந்திக்குப் பக்கத்தில், தண்ணீர் வரும், உள்ளே தாழ்ப்பாள் போடும் கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக. பெட்டி வைத்துவிட்டுப் போக ஓர் அறை, ரசீதோடு. மத்தியானம் இரண்டு மணிக்கும் சாப்பாடு இருக்கும் ஒரு மெஸ். பாய் விரித்துப் படுக்க மின்விசிறி போட்ட ஒரு கூடம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் நம் கல்யாண மண்டபங்கள் சும்மாதானே கிடக்கின்றன? கீழையூருக்கும் மேலப்பழுவூருக்கும் போய்வர ஆட்டோக் கட்டணம் எழுதிய பலகை. குருக்கள் எப்போது வருவார் என்று கோயில் வாசலில் ஒரு சாக்பீஸ் எழுத்து. ஓட்டல் கட்டக் கோடிகள் வேண்டும். இதற்கு ஊராட்சியும் மண்டபக்காரர் இரண்டு பேரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும். அந்த மண்டபக்காரர்களில் ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார் என்று எனக்குச் சொன்னார்கள். அவர் பதிலைக் கேட்டுவிட்டு நான் உட்காருகிறேன்.